நாற்பது நாள் பெட்டி

திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டையில் பஸ் மாறி
விடியும் முன் காரைக்குடி வந்தவள்
செருப்பைக்கூட நேராக விடாமல் படுத்துவிட்டாள்.
பெட்டி என் பொறுப்பு.
பேசி வைத்துக்கொண்டதில்லை.
ஐந்து பயணத்துக்கு முன்னால் ஒருநாள்
சும்மா நின்றவன் கையில்
ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

உண்ணாமலை பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவள்.
சிங்கப்பூர், கிள்ளான், ஒருமுறை பினாங்கு.
யாரோ பெற்றிருப்பார்கள்,
இவள் போய்ப் பூண்டு வதக்குவாள்,
காலை நீட்டி உட்கார்ந்து
குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு வெந்நீர் ஊற்றுவாள்.
நாற்பது நாள். நாற்பத்தோராம் நாள் டிக்கெட்.

பூட்டில் மூன்று எண்.
கல்யாணத் தேதி போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை.
கதவிலக்கம்.
கம்பெனிக்காரன் வைத்த மூன்று பூஜ்யம்.
என் எடை என்ன என்று
எப்போதோ கேட்டாளே, அதையும்.
எழுப்ப மனம் வரவில்லை.
அப்படியே மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்
வெளியிலிருந்து ஆரம்பித்தேன்.

சக்கரம் நான்கு.
மூன்றாவதில் முடி சுற்றியிருந்தது,
செம்பட்டை, நீளமாக,
எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத முடி.
ஊக்கு நுனியால் இழுத்தால்
சுருள் சுருளாக வந்துகொண்டே இருக்கிறது,
எத்தனை ஏர்போர்ட் கூட்டிப் பெருக்கினதோ.
கைப்பிடியில் ஒட்டிய பட்டையைக் கத்தரித்து
பசைக்குத் தேங்காயெண்ணெய்.
மூலையில் ஒரு கீறல் புதுசு.
பழைய கீறல்களை எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு எழுந்து வந்தவள்
தலையை முடிந்தபடியே சொன்னாள்:
“பூஜ்யம் நாலு பூஜ்யம். வேற என்னவாம்?”

திறந்ததும் மாடி முழுக்க வசம்பு.
பூண்டு, ஜாதிக்காய், அதற்கடியில் புளித்த பால்.
துணிகளை எடுத்து உதறினேன்.
எல்லாச் சேலையிலும் இடது தோளில்
வெளுத்த கறை, ஒரே இடத்தில்.
சோடா உப்பைத் தூவி
உள்துணியை வெயிலுக்குக் காட்டினேன்.
கொஞ்ச நேரம்தான்;
இந்த ஊர் வெயிலுக்குப் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது,
போன சித்திரையில் ஒரு பக்கம் வளைந்துவிட்டது.

உள் ஜிப்பை அப்போதுதான் கவனித்தேன்.
நான்காய் மடித்த தாள்.
அவள் கையெழுத்து, பென்சிலில்:
நாள் 3. மஞ்சள் இறங்குது.
நாள் 11. தொப்புள் விழுந்தாச்சு.
2.10 இடது. 4.40 வலது. அழுகை.
நாள் 19. வயிறு போகலை, ஓமத் தண்ணி.
அவள் அம்மாவுக்குத் தூக்கமில்லை.
4 மணி. 4 மணி. திரும்ப 4 மணி.
நாள் 38. சிரிச்சது.
பக்கத்திலேயே, சின்னதாக:
காத்தா இருக்கும்.

அடியில் இன்னும் ஐந்து தாள்.
ஒன்று பினாங்கு, மூன்று கிள்ளான்.
எல்லாம் நாற்பதில் நிற்கின்றன.
ஒன்றில் மட்டும் சிரிப்பே இல்லை,
அந்தப் பிள்ளை மெதுவான பிள்ளையாக இருக்கும்.

எங்கள் மகன் எத்தனாவது நாள் சிரித்தான்?
தெரியாது எனக்கு.
நாக்பூர் பக்கம் லாரியில் இருந்தேன்.
அப்போது என் பையை அலசிப் போட்டது யார்
என்றும் நான் கேட்டதில்லை.

மாலை.
சோடா உப்பைத் தட்டி,
எலுமிச்சைத் தோல் இரண்டு, பழைய பேப்பர்,
புதுச் செருப்போடு வந்த உப்புப் பொட்டலம்
எல்லாம் உள்ளே வைத்தேன்.
நடுப்பெட்டிக்குள் கைப்பெட்டி,
பெரிய பெட்டிக்குள் நடுப்பெட்டி,
மூன்றும் ஒன்றாகிப் பரண்மேல் ஏறின.
கீழே உண்ணாமலை போனில்:
“மாசம் எட்டா? பங்குனி கடைசிலயா?
வர்றேன், சொல்லுங்க.”

திரும்ப இறக்கினால் போச்சு.

வெளி ஜிப் இரண்டுக்கும்
மெழுகுவத்தி தேய்த்து ஓட்டிப் பார்த்திருந்தேன்,
வெண்ணெயாய் ஓடின.
உள் ஜிப்புக்கு மட்டும் தேய்க்கவில்லை.
அது கொஞ்சம் இறுகியே இருக்கட்டும்.